ரெம்யூனரேஷன் என்றால் சம்பளம் மட்டும்தானா?

எனக்கு முதல் வேலை கிடைத்தபோது வந்த கடிதத்தை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சேர வேண்டிய நாள், பதவியின் பெயர், வேலை நேரம் எல்லாம் நேராகப் புரிந்தன. பணத்தைப் பற்றிய வரியில் மட்டும் சாலரி என்ற சொல் இல்லை. ‘உங்கள் மொத்த ஆண்டு ரெம்யூனரேஷன்’ என்று தொடங்கி ஒரு தொகை போட்டிருந்தது. சம்பளத்தைத்தான் கொஞ்சம் கௌரவமாகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். தொகையைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் இவ்வளவு வரும் என்று வீட்டில் சொல்லியும்விட்டேன். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் விழுந்தது அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு.

போய் விசாரித்தேன். கணக்குப் பிரிவில் இருந்த அம்மா பொறுமையாக ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினார். கடிதத்தில் உள்ள மொத்தத் தொகையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், அடிப்படைச் சம்பளமும் படிகளும் சேர்ந்து 76 பங்கு. ஆண்டு முடிவில் வேலையைப் பார்த்துத் தரும் ஊக்கத்தொகை 10. ஓய்வுக்கால நிதியில் நிறுவனம் தன் பங்காகப் போடுவது 9. மருத்துவக் காப்பீட்டுக்கு நிறுவனம் கட்டும் பிரீமியம் 5. ஆக 100. மாதாமாதம் வருவது அந்த 76 மட்டும்தான். அதிலும் வரியும் நிதிக்கான என் பங்கும் பிடித்தது போக 66 என் கைக்கு வரும். கடிதத்தில் பொய்யாக எதுவும் எழுதவில்லை. நான் படித்த பொருள்தான் வேறு. அன்றிலிருந்து இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் ஒரு நிமிடம் நின்றுதான் படிக்கிறேன். புதிதாக வேலைக்குப் போகிறவர்கள், ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறவர்கள், ஆங்கில ஆவணத்தைத் தமிழாக்கம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, பொருள் என்ன? ஒருவர் செய்த வேலைக்கோ சேவைக்கோ ஈடாக அவருக்குத் திரும்பக் கிடைப்பது எல்லாம் ரெம்யூனரேஷன். பணமாக வந்தாலும் அதுதான், தங்க இடம், ஓட்ட வண்டி, நிறுவனப் பங்கு என்று வேறு வடிவில் வந்தாலும் அதுதான். இன்றே வருவது, ஓய்வு பெற்றபின் வரப்போவது என்ற வேறுபாடும் பெரும்பாலும் இல்லை. சம்பளம் அதற்குள் அடங்கும் ஒரு பகுதி. பெரிய பகுதியாகவே இருக்கலாம், ஆனாலும் பகுதிதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஆவணங்களில் இந்தச் சொல்லோடு வரும் தொகை பெரும்பாலும் பிடித்தங்களுக்கு முந்தைய தொகையாகவே இருக்கும். கையில் வருவது எவ்வளவு என்பதை அது சொல்லாது.

உச்சரிப்பில் பலர் தடுமாறுவார்கள். ரி-ம்யூ-ந-ரே-ஷன் என்று ஐந்தாகப் பிரித்து, ‘ரே’ என்ற இடத்தில் அழுத்தம் கொடுத்தால் போதும். எழுதும்போதுதான் பெரிய வழுக்கல். ம-வையும் ந-வையும் இடம் மாற்றி ‘ரெனுமரேஷன்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். படித்தவர்கள் எழுதிய அலுவலகக் கடிதங்களிலேயே பார்த்திருக்கிறேன். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பணம் என்றால் எண்ணிக்கை. எண்ணுக்கு ஆங்கிலத்தில் நம்பர், நியூமரல். அந்த ஓசையில் மனம் தானாகவே ந-வை முன்னால் இழுத்துவிடுகிறது. ஆனால் இந்தச் சொல்லுக்கும் எண்ணுக்கும் எந்த உறவும் இல்லை. ஆர், ஈ அடுத்து எம், யூ. அதற்குப் பிறகுதான் என். வேரைத் தெரிந்துகொண்டால் இந்தப் பிழை திரும்ப வராது.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘ரெ’ என்ற முன்னொட்டுக்குத் திரும்ப, பதிலுக்கு என்று பொருள். ‘மூனுஸ்’ என்ற சொல்லுக்கு லத்தீனில் கொடை என்றும் பொருள், கடமை என்றும் பொருள். ஊருக்காக ஏற்றுக்கொண்ட பொறுப்பையும் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டும் சேர்ந்து ‘ரெமூனெராரி’ என்ற வினைச்சொல் ஆனது: கொடுத்ததற்குப் பதிலாகக் கொடுத்தல். இதைத் தமிழில் சொல்ல நாம் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. கைம்மாறு என்ற சொல் இருக்கிறது. 211-ஆவது குறளின் முதல் அடியை நினைத்துப் பாருங்கள்: ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’. மழை எந்தப் பதிலும் எதிர்பார்க்காமல் பெய்வதைச் சொல்ல வந்த இடத்தில் கைம்மாறும் கடப்பாடும் அடுத்தடுத்து வருகின்றன. லத்தீன் ஒரே சொல்லுக்குள் வைத்த கொடையும் கடமையும் இங்கே இரண்டு சொல்லாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

அதே மூனுஸ் வேறு சில சொற்களிலும் ஒளிந்திருக்கிறது. இம்யூன் என்றால் முதலில் பொதுக் கடமைகளிலிருந்து விலக்குப் பெற்றவர். நோய் தாக்காதவர் என்ற பொருள் பின்னால் வந்தது. முனிசிபல், கம்யூனிட்டி ஆகியவையும் இதே குடும்பம்தான். முனிசிபாலிட்டியில் ம முன்னால் வருவதைப் போல ரெம்யூனரேஷனிலும் ம-தான் முன்னால் வரும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது பக்கத்து வீட்டுச் சொற்களைப் பார்ப்போம். சாலரி என்பது மாதத்துக்கோ ஆண்டுக்கோ நிலையாகப் பேசி வைத்த தொகை. உப்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு அதற்குத் தொடர்பு உண்டு. ரோமானியச் சிப்பாய்களுக்கு உப்பையே சம்பளமாக அளந்து கொடுத்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படும் கதைக்கு மட்டும் உறுதியான சான்று இல்லை. வேஜ் என்பது மணிக்கோ நாளுக்கோ செய்த வேலையின் அளவுக்கோ கணக்கிட்டுத் தருவது, நம் கூலி. ஃபீ என்பது ஒரு குறிப்பிட்ட சேவைக்கான கட்டணம். வக்கீலும் மருத்துவரும் வாங்குவது. ஸ்டைப்பெண்ட் என்பது படிப்பில் அல்லது பயிற்சியில் இருப்பவரின் செலவுக்காகத் தரும் உதவித்தொகை. அலவன்ஸ் என்பது படி. இவற்றை யாரும் அதிகம் குழப்பிக்கொள்வதில்லை.

குழப்பம் வருவது எமாலுமென்ட், ஹானரேரியம், காம்பென்சேஷன் என்ற மூன்றில்தான். எமாலுமென்ட் என்பதன் லத்தீன் வேருக்கு அரைத்து எடுத்தல் என்று பொருள். தானியத்தை அரைத்துக் கொடுத்த ஆலைக்காரருக்குக் கிடைத்ததைத்தான் அது முதலில் குறித்திருக்கும் என்று கருதுகிறார்கள். இன்று ஒரு பதவியில் இருப்பதால் வந்து சேரும் ஆதாயம் என்ற பொருளில் வருகிறது. அமெரிக்க அரசியல் சட்டம் 1787-இல் எழுதப்பட்டபோது, பதவியில் இருப்பவர்கள் நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் அயல்நாட்டு அரசரிடமிருந்தோ அரசிடமிருந்தோ பரிசு, எமாலுமென்ட், பதவி, பட்டம் எதையும் ஏற்கக் கூடாது என்று எழுதினார்கள். அங்கே இந்தச் சொல்லுக்குள் எது வரும், எது வராது என்பது இன்றும் வழக்குமன்றம் வரை போகும் கேள்வி.

ஹானரேரியம் வேறு குணம் கொண்டது. சிலர் செய்யும் வேலைக்கு விலை பேசுவதே மரியாதைக் குறைவு என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். ரோமாபுரியில் வழக்கறிஞர்கள் வாதாடுவதற்குப் பணமோ பரிசோ வாங்கக் கூடாது என்று கி.மு. 204-இலேயே சட்டம் போட்டார்கள். சட்டம் இருந்தும் பணம் கைமாறிக்கொண்டுதான் இருந்தது. கி.பி. 47-இல் கிளாடியஸ் பேரரசர் 10,000 செஸ்டர்ஸ் வரை வாங்கலாம் என்று வரம்பு கட்டினார். அப்படி, விலையாக இல்லாமல் மரியாதையின் அடையாளமாகத் தருவதுதான் ஹானரேரியம். தமிழில் மதிப்பூதியம் என்ற அருமையான சொல் இதற்கு வழக்கில் இருக்கிறது. சிறப்புரைக்கு அழைத்த பேராசிரியருக்குத் தருவது மதிப்பூதியம். மூன்று மாதம் பாடம் நடத்த ஒப்பந்தம் போட்டு, இத்தனை மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பேசித் தருவது மதிப்பூதியம் ஆகாது, அது ரெம்யூனரேஷன். வேலையைச் சொல்லி வாங்கிவிட்டு, தருவதற்கு மட்டும் மதிப்பூதியம் என்று பெயர் வைத்துத் தொகையைக் குறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பெயரை மாற்றுவதால் உழைப்பு குறைந்துவிடாது.

காம்பென்சேஷன் அமெரிக்க ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட ரெம்யூனரேஷனுக்குச் சமம். பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இயக்குநர்களின் ரெம்யூனரேஷன் என்று இருக்கும் இடத்தில் அமெரிக்க அறிக்கையில் எக்ஸிக்யூட்டிவ் காம்பென்சேஷன் என்று இருக்கும். ஆனால் விபத்தில் அடிபட்டவருக்குக் கிடைக்கும் இழப்பீடும் காம்பென்சேஷன்தான். அதை ரெம்யூனரேஷன் என்று சொல்ல முடியாது. அது இழந்ததற்கு ஈடு, வேலைக்கு ஈடு இல்லை. தமிழாக்கம் செய்கிறவர்கள் இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். காம்பென்சேஷன் என்று கண்டதும் இழப்பீடு என்று எழுதிவிட்டால், மேலாளரின் சம்பள விவரம் விபத்து வழக்கு மாதிரி ஆகிவிடும்.

அதே போல, ரெம்யூனரேஷன் என்று தவறாக எண்ணப்படும் இன்னொன்று செலவைத் திருப்பித் தருவது. அலுவலக வேலையாக வெளியூர் போகிறீர்கள், உங்கள் பணத்தில் பயணச்சீட்டு வாங்குகிறீர்கள், ரசீதைக் கொடுத்ததும் அந்தத் தொகை வருகிறது. அது ரீஇம்பர்ஸ்மென்ட். உங்கள் கையிலிருந்து போனது உங்களிடமே வந்தது, அவ்வளவுதான். உங்களுக்கு வரவு எதுவும் இல்லை. ரசீதே கேட்காமல் மாதாமாதம் பயணப்படி என்று ஒரு நிலையான தொகை தந்தால் கதை வேறு. செலவழித்தாலும் செலவழிக்காவிட்டாலும் அது உங்களுடையது என்பதால், பல ஆவணங்கள் அதை ரெம்யூனரேஷனுக்குள் சேர்த்துவிடும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, சம்பளம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று தோன்றலாம். இந்தச் சொல்லின் வலிமை தெரிய வேண்டுமானால், சட்டம் எழுதியவர்கள் அதை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஒரே அலுவலகத்தில் ஒரே வேலை செய்யும் ஓர் ஆணையும் பெண்ணையும் எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் சம்பளம் ஒரே தொகை, ஒரு காசு வித்தியாசம் இல்லை. ஆணுக்கு மட்டும் வாடகை இல்லாத வீடு, அலுவலக வண்டி, ஆண்டு முடிவில் போனஸ். சட்டம் ‘சம சம்பளம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால், முதலாளி சம்பளப் பட்டியலை எடுத்து நீட்டி, பாருங்கள், இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பார். அந்தப் பெண்ணுக்குப் பேச வழி இருக்காது. சட்டம் ‘சம ரெம்யூனரேஷன்’ என்று சொல்லியிருந்தால், வீட்டையும் வண்டியையும் போனஸையும் தராசில் ஏற்றியாக வேண்டும்.

1919-இல் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையிலேயே, சம மதிப்புள்ள வேலைக்கு ஆணும் பெண்ணும் சமமான ரெம்யூனரேஷன் பெற வேண்டும் என்ற கொள்கை எழுதப்பட்டிருக்கிறது. உலகப் போரை முடித்து வைத்த உடன்படிக்கைதான். அதன் ஒரு பகுதியாகத்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பிறந்தது. அதே அமைப்பு 1951-இல் 100-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. சம ரெம்யூனரேஷன் உடன்படிக்கை என்பதே அதன் பெயர். அதன் முதல் பிரிவு இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறது: வழக்கமான, அடிப்படையான அல்லது குறைந்தபட்சக் கூலியோ சம்பளமோ, அதோடு வேலையின் பேரில் முதலாளி தொழிலாளிக்கு நேராகவோ சுற்றி வளைத்தோ, பணமாகவோ பொருளாகவோ தர வேண்டிய வேறு எந்த எமாலுமென்ட்டும். நேராகவோ சுற்றி வளைத்தோ, பணமாகவோ பொருளாகவோ என்ற இரண்டு இணைகளையும் மெதுவாகப் படித்துப் பாருங்கள். சம்பளப் பட்டியலுக்கு வெளியே ஒளித்து வைக்கக்கூடியவற்றை எல்லாம் அவை வெளியே இழுத்து வருகின்றன.

1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் 23-ஆவது பிரிவையும் சொல்ல வேண்டும். அதன் இரண்டாவது உட்பிரிவு, சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. ஆங்கிலத்தில் அங்கே பே என்ற சாதாரணச் சொல்தான் இருக்கிறது. மூன்றாவது உட்பிரிவு, உழைக்கும் ஒவ்வொருவருக்கும் நியாயமான, அவருக்குச் சாதகமான ரெம்யூனரேஷன் வேண்டும், அது அவரும் அவர் குடும்பமும் மனிதருக்குரிய மாண்போடு வாழப் போதுமானதாக இருக்க வேண்டும் என்கிறது. அடுத்தடுத்த வரிகளில் சொல் மாறுகிறது. எழுதியவர்கள் என்ன நினைத்து மாற்றினார்கள் என்பது எப்படியிருந்தாலும், குடும்பத்தின் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் இடத்தில் அகலமான சொல் வந்து உட்கார்ந்திருப்பது எனக்குப் பொருத்தமாகவே தெரிகிறது.

ஒரு நாட்டின் சட்டத்தில் இருக்கும் பொருள்விளக்கம் இன்னொரு நாட்டில் அப்படியே இருக்காது. ஒரே நாட்டிலேயே வரிச் சட்டம் ஒரு மாதிரியும் தொழிலாளர் சட்டம் ஒரு மாதிரியும் சொல்லலாம். அதனால்தான் எந்த ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் முதல் பக்கங்களில் வரும் சொற்பொருள் பகுதியை விட்டுவிடக் கூடாது. ‘இந்த ஆவணத்தில் ரெம்யூனரேஷன் என்பது இவற்றைக் குறிக்கும், இவற்றைக் குறிக்காது’ என்று அங்கே இருக்கும். அங்கே இல்லையென்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பெரிய நிறுவனங்களில் ரெம்யூனரேஷன் கமிட்டி என்று ஒன்று இருக்கும். தலைமை அதிகாரிக்கும் இயக்குநர்களுக்கும் எவ்வளவு, எந்த வடிவில் தருவது என்று முடிவு செய்வது அதன் வேலை. தனக்கு எவ்வளவு என்பதைத் தானே முடிவு செய்யக் கூடாது என்பதால், பெரும்பாலும் அன்றாட நிர்வாகத்தில் இல்லாத இயக்குநர்களே அதில் இருப்பார்கள். அங்கே சாலரி கமிட்டி என்று பெயர் வைத்தால் பொருந்தாது. அந்த மட்டத்தில் சம்பளத்தைவிடப் பங்குகளும் போனஸும் பெரிய தொகையாக இருப்பது சாதாரணம்.

இந்தச் சொல் பெரிதாக ஒலிப்பதை ஷேக்ஸ்பியர் 400 ஆண்டுகளுக்கு முன்பே மேடையில் காட்டியிருக்கிறார். 1598-இல் அச்சான ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் ஆர்மாடோ என்ற ஆடம்பரப் பேச்சுக்காரர், கோஸ்டர்ட் என்ற எளிய மனிதரிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறார். கூலியைக் கையில் வைத்து, இதோ ரெம்யூனரேஷன் என்கிறார். கோஸ்டர்ட் கையைத் திறந்து பார்க்கிறான்: மூன்று ஃபார்த்திங், அதாவது முக்கால் பென்னி. ஓ, மூன்று ஃபார்த்திங்குக்கு லத்தீனில் இதுதான் பேரா என்கிறான். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வேறு கடிதம் கொடுத்து, வெகுமதி என்று பொருள்படும் இன்னொரு பெரிய சொல்லைச் சொல்லி ஒரு ஷில்லிங் தருகிறார். ரெம்யூனரேஷனைவிட இது பதினொன்றேகால் பென்னி மேல் என்று அவன் உடனே கணக்குப் போட்டுவிடுகிறான். ஷில்லிங்குக்கு 12 பென்னி, கணக்கு துல்லியம். சொல்லின் பளபளப்பைத் தள்ளி வைத்துவிட்டு உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவன் கோஸ்டர்ட். எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம்.

பயன்படுத்தும் முறைக்கு வருவோம். பேச்சில் இந்தச் சொல் வேண்டாம். நண்பரிடம் உன் ரெம்யூனரேஷன் என்ன என்று கேட்டால் விறைப்பாக இருக்கும். சம்பளம் எவ்வளவு என்பதே போதும். ஒப்பந்தம், அறிக்கை, விண்ணப்பம், அலுவல் கடிதம் இவைதான் அதன் இடம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒருமையிலேயே வரும். எதற்காக என்பதைச் சொல்ல ஃபார் என்ற இடைச்சொல்லைச் சேர்ப்பார்கள். வேலை விளம்பரத்தில் ‘அனுபவத்துக்கு ஏற்ற ரெம்யூனரேஷன்’ என்று மட்டும் போட்டிருந்தால், தொகை இன்னும் முடிவாகவில்லை, பேச இடம் இருக்கிறது என்று பொருள். அப்புறம், ரெம்யூனரேட்டிவ் என்ற பெயரடையும் உண்டு. அது ‘ஊதியம் தருகிற’ என்பதோடு நிற்காது. போட்ட உழைப்புக்கும் பணத்துக்கும் போதுமான அளவு தருகிற என்று பொருள். ரெம்யூனரேட்டிவ் விலை என்றால் கட்டுப்படியாகும் விலை. விளைவித்தவர்கள் வாயில் புழங்கும் சொல்லே இங்கே அகராதியைவிடச் சரியாக இருக்கிறது.

தமிழில் எழுதும்போது எல்லா இடத்துக்கும் ஒரே சொல்லை வைக்க முடியாது. பொதுவாக ஊதியம் பொருந்தும். குறளில் ஊதியம் என்றால் ஆதாயம், பெறும் பயன் என்ற பொருள். ஈதலால் வரும் புகழோடு வாழ்வதைத் தவிர உயிருக்கு வேறு ஊதியம் இல்லை என்று 231-ஆவது குறள் சொல்கிறது. அதனால் சம்பளத்தைவிட அகலமான சொல் அது. இன்று காதுக்கு அது சம்பளமாகவே ஒலிப்பதால், பொருளாகத் தருவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒப்பந்தங்களில் நான் ‘மொத்த ஊதியமும் பிற பயன்களும்’ என்று விரித்தே எழுதுகிறேன். விடைத்தாள் திருத்துவது, மொழிபெயர்ப்பது மாதிரியான தனி வேலைகளுக்கு உழைப்பூதியம் அழகாகப் பொருந்தும்.

போன மாதம் உறவுக்காரப் பையன் ஒருவன் தனக்கு வந்த வேலைக் கடிதத்தைக் கொண்டுவந்து, இது என்ன சொல் அண்ணா என்று அந்த வரியில் விரலை வைத்தான். நான் ஒரு தாளை எடுத்து 100 என்று மேலே எழுதினேன். இதில் மாதாமாதம் வருவது எத்தனை, ஆண்டு முடிவில் வருவது எத்தனை, நிறுவனம் நேராகக் கட்டிவிடுவது எத்தனை, பிடித்தம் போகக் கையில் நிற்பது எத்தனை என்று நான்கு கேள்வி எழுதிக் கொடுத்து, இதை அவர்களிடமே கேள் என்றேன். மறுநாளே மின்னஞ்சலில் பதில் வந்துவிட்டது. வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டில் தொகையைச் சொன்னான்.